நிழலுக்குப் பெயர் வைக்கும் முன்

எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு நுரையீரல் புற்றுநோயோடு வருகிறவர்களில் பலர் காசநோய் மாத்திரை அட்டையையும் பையில் வைத்திருப்பார்கள். சிலர் ஒரு மாதம் சாப்பிட்டிருப்பார்கள், சிலர் ஐந்து மாதம். “ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகுது தாயி, இருமல் மட்டும் நிக்கல” என்பார்கள். சிறுநீரின் அந்த நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையால் வருவது. மருந்தைச் சாப்பிடுகிறார் என்பதற்கு அது ஒரு சான்று. ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால், நோய் வேறாக இருக்கலாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், பசியின்மை, மெலிவு என்று ஒருவர் வந்தால் காசநோயை முதலில் நினைக்காதவர் இங்கே மருத்துவராக இருக்கத் தகுதியில்லை. நான் படித்த மரபும் அதுதான். காசநோயாளியை மலைக்காற்றிலும் படுக்கையிலும் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னையில் நடந்த ஆய்வு. 1956-ல் தொடங்கி 1959-ல் முடிவு வெளியான அந்த ஆய்வைச் சொல்லித்தான் எங்கள் பேராசிரியர்கள் முதல் வகுப்பை எடுத்தார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் நெஞ்சுப் படத்தில் நிழல் என்றாலே காசம் என்று கை தானாக எழுதும் பழக்கமும் அதே மரபோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் இரண்டு நோய்க்கும் முகம் ஒன்று போலத்தான் இருக்கும். காசம் நுரையீரலின் மேல் மடலை விரும்பும். புகைப்பவருக்கு வரும் புற்றும் பெரும்பாலும் மேல் மடலில்தான் கிளம்பும். காசம் நுரையீரலை அரித்துக் குழி உண்டாக்கும். செதிள்செல் புற்றும் நடுவில் அழுகி அதே மாதிரிக் குழி விழும். எடைக் குறைவும் ரத்தச் சளியும் இரண்டுக்கும் பொது. பீடி குடிக்கும் அறுபது வயதுக்காரருக்கு இரண்டுமே வரலாம். பழைய காசத் தழும்பு இருக்கும் நுரையீரலிலேயே புற்று முளைப்பதும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் சளிப் பரிசோதனைக்கு இவ்வளவு மரியாதை. முன்பு நுண்ணோக்கியில் கிருமியைக் கண்ணால் தேடினோம். 2010 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பிறகு சிபிநாட் கருவி வந்தது. சளியில் இருக்கும் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்து, ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். கிருமி இருக்கிறது என்று வந்தால் தைரியமாக மருந்தைத் தொடங்கலாம். கிருமி இல்லை என்று வரும்போதுதான் சிக்கல். ‘இல்லை’ என்ற பதிலை ‘தப்பிவிட்டது’ என்று படித்துக்கொண்டு, படத்தை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கிவிடுவார்கள். சில சமயம் அதுவே சரியாகவும் இருக்கும். கிருமி சிக்காத காசம் நிறைய உண்டு. நான் கேட்பது இவ்வளவுதான். சான்று இல்லாமல் தொடங்கிய வைத்தியத்துக்கு ஒரு கெடு இருக்க வேண்டும். இந்தத் தேதிக்குள் காய்ச்சல் இறங்க வேண்டும், எடை ஏற வேண்டும், நிழல் சுருங்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வைத்த பெயரை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் புற்றுநோய்க்குத் தெரியும். கட்டி ஒரு மூச்சுக்குழலை அடைத்துவிட்டால் அடைப்புக்குப் பின்னால் சளி தேங்கி நிமோனியா வரும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் காய்ச்சல் விடும், படமும் கொஞ்சம் தெளியும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மூன்று மாதம் கழித்து அதே மடலில் மறுபடி நிமோனியா. புகைப்பவருக்கு ஒரே இடத்தில் இரண்டாம் முறை நிமோனியா வந்தால் மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

இந்த நோய் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்று உறவினர்கள் ஆற்றாமையோடு கேட்பார்கள். நுரையீரலுக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. எலுமிச்சை அளவுக் கட்டி உள்ளே உட்கார்ந்திருந்தாலும் வலிக்காது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையையோ விலா எலும்பையோ தொட்ட பிறகுதான் வலி வரும். இருமலை யாரும் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. பீடி குடிப்பவருக்கு இருமல் காலைக் கடன்களில் ஒன்று. வெற்றிலை போடுகிறவர்கள் சளியில் சிவப்பைப் பார்த்தாலும் சாறு என்று நினைத்துத் துப்பிவிடுவார்கள். “ரெண்டு நாளு வெத்தலையை நிறுத்திட்டு ஒரு வெள்ளைத் துணியில துப்பிப் பாருங்க ஐயா” என்று சொல்லி அனுப்பி, ரத்தம்தான் என்று உறுதியாகி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நுரையீரல் வாய் திறக்காவிட்டாலும் உடம்பு வேறு இடங்களில் பேசும். இடது பக்கக் குரல்நாண் நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அந்த வளைவின் அடியில் நெறி கட்டினால் நரம்பு செயலிழந்து குரல் கரகரத்துப் போகும். தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாமல் மூன்று வாரமாகக் குரல் கம்மியிருந்தால் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும். மேற்பெருஞ்சிரை நசுங்கினால் காலையில் எழும்போது முகம் வீங்கியிருக்கும், சட்டைக் கழுத்து இறுகும், நெஞ்சின் மேல் ரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரியும். சிறுசெல் புற்று ஒரு ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். ஆள் குழம்பிப் பேசுவதால் மனநோய் என்றோ பக்கவாதம் என்றோ நினைத்துக் கூட்டி வருவார்கள்.

ஒரு நெசவாளரை மறக்க முடியாது. வலது தோள்பட்டை வலி. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை, பிறகு தோள் இறுக்கம் என்று பயிற்சி, பிறகு வர்மம், எண்ணெய், ஒத்தடம். நாடா தள்ளுகிற கை என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் பிரிவுக்கு அவர் வந்தது இருமலுக்காக. வலது கண்ணிமை சற்றே இறங்கியிருந்தது, கருவிழியின் பாப்பா இடதைவிடச் சிறுத்திருந்தது, வலது உள்ளங்கையின் தசை வற்றியிருந்தது. இவை மூன்றும் சேர்ந்தால் நுரையீரலின் உச்சியில் கட்டி என்று பொருள். 1924-லேயே அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர் ஹென்றி பான்கோஸ்ட் எழுதிவைத்த நோய் அது. காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் சாதாரணப் படத்தில் எளிதில் தப்பிவிடும். கழுத்துக்கு அத்தனை முறை படம் எடுத்தவர்கள் கொஞ்சம் கீழே இறக்கி நெஞ்சுக்கும் ஒன்று எடுத்திருக்கலாம்.

ஆகவே என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம், படத்தை அப்புறம் பார், முதலில் கையைப் பார் என்பேன். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து வைத்தால் நடுவில் வைர வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். இந்த நோயில் விரல்நுனி தடித்துப்போனவர்களுக்கு அந்த இடைவெளி மூடிவிடும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், தமக்கே விரல் தடித்து அது பிறகு சரியானதைக் கவனித்து 1976-ல் எழுதிய சோதனை இது. காசு செலவில்லை. அடுத்து நோயாளியின் பின்னால் நின்று காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நெறி தட்டுப்பட்டால் பாதி வேலை முடிந்தது. மெல்லிய ஊசியால் அதிலிருந்து செல்களை எடுத்துவிடலாம். நெஞ்சுக்குள் குழாய் விட வேண்டியதில்லை. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் அதே ஊசி சொல்லிவிடும். எந்த இடத்தில் எடுத்தால் நோயாளிக்குச் சிரமம் குறைவோ, எந்த இடம் நோயின் உச்ச நிலையைக் காட்டுமோ, அங்கே எடுப்பதுதான் எங்கள் தொழிலின் ஒழுங்கு. விரலால் தடவிப் பார்க்காமல் நேராக ஸ்கேனுக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

யாருக்கு வருகிறது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-ல் லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்து, சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைக் காட்டிவிட்டார்கள். பீடி சிகரெட்டைவிடச் சாது என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் உண்டு. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும், அதனால் நச்சும் நிறைய உள்ளே போகும். ஆனால் புகைத்தே இராத பெண்கள் வருகிறார்கள். வர வர அதிகமாக வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘பீடி, சிகரெட் உண்டா?’ என்ற ஒரே கேள்வியோடு அவர்களை நிறுத்திவிடக் கூடாது. வீட்டுக்காரர் புகைப்பாரா, விறகடுப்பா, அடுப்படிக்கு ஜன்னல் உண்டா, ஊதாங்குழலை எத்தனை வயதில் எடுத்தீர்கள், கல்நார்க் கூரை செய்யும் ஆலையில் யாராவது வேலை பார்த்தார்களா என்றெல்லாம் கேட்பேன். வீட்டுக்குள் நிலக்கரிப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. விறகுப் புகையை ‘பெரும்பாலும் உண்டாக்கும்’ என்ற அடுத்த படியில் வைத்திருக்கிறது. இவை எதுவுமே இல்லாமலும் நோய் வருகிறது. ‘நான் ஒரு பாவமும் செய்யலையே’ என்று கேட்பவரிடம் காரணம் தேடித் தருவது என் வேலை அல்ல. புகைத்தவருக்கும் இது தண்டனை அல்ல. மருத்துவர் முகத்தில் ஒரு கண்டிப்பு தெரிந்துவிட்டால் போதும், நோயாளி அடுத்த முறை வரமாட்டார்.

ஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, எந்தக் குழலை ஒட்டி, நெறி எங்கே, கல்லீரலும் அட்ரினல் சுரப்பியும் எப்படி என்று சி.டி. சொல்லும். ஓரம் முள் முள்ளாக இருந்தால் சந்தேகம் கூடும், நிழலுக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தால் குறையும். ஆனால் எவ்வளவு நல்ல ஸ்கேனும் ‘இருக்கக்கூடும்’ என்றுதான் எழுதும். கீமோதெரபியை ‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை நம்பிக் கொடுக்க முடியாது. சதை வேண்டும்.

சதை எடுப்பதற்கு எனக்குப் பிடித்த வழி பிராங்கோஸ்கோப்பி. 1897-ல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை இரும்புக் குழாய் விட்டு எடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாள் விழுங்குகிறவரைப் போல உட்கார்ந்திருக்க வேண்டிய வைத்தியம் அது. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் ஷிகெதோ இகெதா, கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை 1966-ல் உலகுக்குக் காட்டினார். அந்தக் குழாயின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எங்கள் அறையில் தொங்குகின்றன. சுண்டுவிரலைவிட மெலிதானவை, நுனியில் கேமரா.

முதல் நாளே நோயாளியோடு உட்கார்ந்து பேசிவிடுவேன். ராத்திரிக்குப் பிறகு சாப்பிட வேண்டாம். இதயத்துக்கு குளோபிடோகிரெல் சாப்பிட்டால் இதய மருத்துவரைக் கேட்டு ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடிப்போம். எச்சில் விழுங்க முடியாதது போல இருக்கும், ஆனால் விழுங்க முடியும். குழாய் குரல்நாணைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் மூச்சே நின்றதுபோல் தோன்றும், நிற்காது. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் மேஜையில் தெரியும் வித்தியாசம் பெரிது. தலைமாட்டில் சிஸ்டர் ஒருவர் தோளில் கை வைத்தபடி, “மூக்கு வழியா மெதுவா இழுங்க ஐயா, இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் அறையில் மயக்க மருந்துக்கு இணையான வேலையை அந்தக் குரல் செய்கிறது.

குரல்நாணைத் தாண்டியதும் வெண்மையான வளையங்களோடு மூச்சுக்குழாய் விரியும். அது இரண்டாகப் பிரியும் இடத்தின் விளிம்பு கூர்மையாக, மூச்சுக்கு மூச்சு அசைய வேண்டும். விளிம்பு மழுங்கி அகன்று அசையாமல் கிடந்தால் அடியில் நெறிகள் திரண்டிருக்கின்றன என்று தெரியும். வலதுபுறம் சற்று நேராக இறங்கும், இடதுபுறம் சாய்ந்து போகும். கட்டி தெரியும் இடத்தில் சவ்வின் இளஞ்சிவப்பு மாறி வெளிறியும் புடைத்தும், தொட்டால் ரத்தம் கசிகிறதாகவும் இருக்கும். அங்கே ஒன்றோடு நிறுத்தாமல் ஐந்தாறு துணுக்குகள் எடுக்க வேண்டும். மேலே மூடியிருக்கும் அழுகலை எடுத்தால் ஒன்றும் தெரியாது. முதல் கடியை அதே இடத்தில் ஆழப்படுத்தி அடுத்ததை எடுக்க வேண்டும். ரத்தம் கசிந்தால் குளிர்ந்த உப்புநீரும் அட்ரினலினும் விட்டு, பாதிக்கப்பட்ட பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து, நின்றுவிட்டதா என்று பொறுமையாகப் பார்த்த பிறகே குழாயை வெளியே எடுப்போம்.

இனி நான் சொல்வது சின்ன விஷயம் போலத் தோன்றும். எடுத்த துணுக்குகளை இரண்டு பாட்டில்களில் போட வேண்டும். ஒன்றில் ஃபார்மலின், மற்றதில் வெறும் உப்புநீர். ஃபார்மலினில் போட்டது பத்தாலஜிக்கு. அதில் செல்கள் கெடாமல் அப்படியே நிற்கும், ஆனால் கிருமிகள் செத்துவிடும். உப்புநீரில் போட்டது கிருமி வளர்த்துப் பார்க்கவும் சிபிநாட் பார்க்கவும். புற்று என்று நூறு சதவீதம் நம்பினாலும் இரண்டாம் பாட்டில் போக வேண்டும், காசம் என்று நம்பினாலும் முதல் பாட்டில் போக வேண்டும். நம் நாட்டில் ஒற்றைப் பாட்டிலோடு முடியும் பயாப்சி பாதி பயாப்சிதான்.

கட்டி குழலுக்கு எட்டாத ஓரத்தில் இருந்தால் கதிரியக்க மருத்துவர் சி.டி. பார்த்தபடி வெளியிலிருந்து ஊசி போட்டு எடுப்பார். காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் அபாயம் அதில் உண்டு. பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்குக் குழாய் போட வேண்டியிருக்கும். இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். “சதை எடுத்தா பரவிரும்னு சொல்றாகளே மேடம்?” கேட்பவர் பெரும்பாலும் மகன். பின்னால் ஊரே நின்று கேட்பது போல இருக்கும். ஊரில் யாருக்கோ ஊசி போட்டார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார். அந்த இரண்டையும் ஊர் முடிச்சுப் போட்டுக்கொண்டது. நான் அதைக் கேலி செய்வதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. ஊசி போன தடத்தில் புற்று வளர்வது நுரையீரலில் மிக மிக அரிது என்று சொல்வேன். உங்கள் உறவினர் போனது ஊசியால் அல்ல, ஊசி போடும்போதே நோய் அவ்வளவு தூரம் போயிருந்தது என்பேன். பிறகு, சதை இல்லாமல் நான் தரக்கூடிய மருந்து என்னென்ன என்று கேட்கச் சொல்வேன். ஒன்றும் இல்லை என்பதே பதில். இரண்டு நாள் யோசித்து வரச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

துணுக்கு பத்தாலஜிக்குப் போன பிறகு நடப்பதை நோயாளிகள் அறிவதில்லை. மருத்துவர்களிலும் பலர் அறிவதில்லை. கடுகளவுச் சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நூலிழையினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். ‘புற்று’ என்று சொல்வதோடு 25 வருடம் முன்பு அந்த வேலை முடிந்தது. சிறுசெல்லா, சிறுசெல் அல்லாததா என்று தெரிந்தால் அன்று போதும், மருந்து இரண்டே வகை. இன்று சுரப்பிச் செல் புற்றா, செதிள் செல் புற்றா என்று பிரிக்க வேண்டும். பார்த்துச் சொல்ல முடியாதபோது டி.டி.எஃப்.-1, பி40 போன்ற புரதங்களுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். சுரப்பிச் செல் என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1 என்று மரபணு மாற்றங்களைத் தேட வேண்டும். பிறகு பி.டி.-எல்.1 புரதம். இத்தனைக்கும் அதே கடுகு. சந்தேகத்துக்கு ஒன்றாகப் பத்துச் சாயம் ஏற்றிவிட்டால் மரபணு பார்க்கச் சதை மிஞ்சாது. மறுபடி குழாய், மறுபடி ஊசி. அதனால் நான் கோரிக்கைத் தாளில் ‘லங் மாஸ், பயாப்சி’ என்று இரண்டு வார்த்தை கிறுக்கி அனுப்புவதில்லை. வயது, புகைப்பழக்கம், ஸ்கேன் விவரம், வேறு உறுப்பில் முன்பு புற்று இருந்ததா, எதைச் சந்தேகிக்கிறேன், மரபணுவுக்குச் சதையை மிச்சம் வையுங்கள் என்றெல்லாம் எழுதுவேன். பத்தாலஜி மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. அந்தத் தாள் வழியாகத்தான் பார்க்கிறார்.

இந்தத் தேடல் வீண் சிரமமா என்று கேட்பவர்களுக்கு ஓர் அம்மாவைச் சொல்வேன். ஐம்பது வயது இருக்கும், கரிசல் காட்டுக் கிராமம், புகையிலையைத் தொட்டதே இல்லை. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நீரை எடுத்துச் சோதித்ததில் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு கொஞ்சம் கூடுதல் என்று வேறோர் இடத்தில் காசநோய் மருந்து தொடங்கியிருந்தார்கள். ஏ.டி.ஏ. கூடினால் காசத்தின் பக்கம் சாய்வது வழக்கம். ஆனால் வேறு நோய்களிலும் அது கூடும். எடுக்க எடுக்க நீர் மறுபடி ஊறியது, மூன்றாம் முறை இளஞ்சிவப்பாக வந்தது. எங்களிடம் வந்தபோது படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நீரை நிறைய எடுத்து, வடித்து, செல்களைத் திரட்டி மெழுகுக் கட்டியாக்கிப் பார்த்ததில் சுரப்பிச் செல் புற்று, ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் இருந்தது. மேலைநாடுகளைவிட ஆசிய நோயாளிகளிடம், அதிலும் புகைக்காத பெண்களிடம், இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. இப்படி மாறிய மரபணுதான் ஜெஃபிடினிப் மாத்திரை சிலருக்கு மட்டும் அபாரமாக வேலை செய்வதற்குக் காரணம் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். காசநோய் மருந்தை முதலில் நிறுத்தினோம். காசம் இல்லை என்பது மட்டும் காரணம் அல்ல. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி இந்த மாத்திரையை வேகமாக அழித்துவிடும். பிறகு ஜெஃபிடினிப் தொடங்கினோம், தினம் ஒரு மாத்திரை. சில வாரங்களில் அந்த அம்மா தரையில் பாய் விரித்துப் படுத்தார். இது குணமல்ல. ஒரு கட்டத்தில் நோய் மருந்தை மீறும் என்று குடும்பத்திடம் முதல் நாளே சொன்னோம். அப்படி மீறியபோது அடுத்த தலைமுறை மாத்திரைக்கு மாற்றினோம். இடையில் அவர் பேத்திக்குச் சடங்கு நடத்தினார், பருத்திக் காட்டுக்குக் கூடப் போய்வந்தார். தவறான பெயரோடு ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும். அதைச் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கமே பேசியவளாவேன். பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு பொருளைக் கதிரியக்கத்தோடு ஏற்றி, எங்கே அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள். புற்று உறிஞ்சும். காசமும் உறிஞ்சும். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவருக்கு வலது மேல் மடலில் சின்னக் கட்டி, புற்று என்று ஊசியில் உறுதியானது. பெட் ஸ்கேனில் நெஞ்சின் நடுவே இருபுறமும் நெறிகள் ஒளிர்ந்தன. அதை அப்படியே நம்பினால் மூன்றாம் நிலை முற்றியது, அறுவைக்கு வாய்ப்பில்லை. வெளியூரில் அப்படித்தான் சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாய் விட்டு ஒவ்வொரு நெறியிலும் ஊசி போட்டு எடுத்தோம். ஒன்றிலும் புற்று இல்லை. எல்லாவற்றிலும் காசத்தின் அடையாளமான கிரானுலோமா. நிலை மூன்று என்று வந்தவர் நிலை ஒன்றாகத் திரும்பினார். காசத்துக்கு மருந்து, புற்றுக்கு அறுவை. ஒரே மனிதரிடம் இரண்டு நோய்க்கும் தனித்தனிச் சான்று. காசநோய் அரிதான நாடுகளில் எழுதிய பாடநூலை நம் நோயாளிமேல் அப்படியே வைத்துப் படிக்க முடியாது.

குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்து நோயை முன்கூட்டியே தேடும் முறையிலும் இதே தயக்கம் எனக்கு உண்டு. நிறையப் புகைத்த 53,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு, இதனால் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் நம் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர் நுரையீரலில் பழைய தழும்பும் சின்னக் கணுவும் சாதாரணம். ஒவ்வொன்றையும் துரத்தி ஊசி போட ஆரம்பித்தால் நல்ல உடம்பும் புண்ணாகும். அதிகம் புகைத்தவர்களுக்கு, பின்தொடர்ந்து பார்க்க ஒரு குழு இருக்கும் மருத்துவமனையில், செய்யலாம். முகாம் போட்டு ஊருக்கே எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முடிவு வந்த பிறகு அதை யாரிடம் சொல்வது என்பது எங்கள் தொழிலின் கடினமான பகுதி. “அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீக” என்று மகள் வாசலிலேயே நிறுத்துவாள். அவள் அன்பை நான் சந்தேகிப்பதில்லை. ஆனால் மாத்திரை சாப்பிடப் போகிறவர் அவர், ரத்தம் கொடுக்கப் போகிறவர் அவர், நிலத்தை யார் பேரில் எழுதுவது என்று தீர்மானிக்க வேண்டியவரும் அவர். “எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க ஐயா?” என்று அவரிடமே கேட்பேன். சிலர் “எம் மகன்கிட்ட பேசுங்க தாயி” என்பார்கள்; அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிப்பேன். பலர் சில நொடி பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குத் தெரியும், நீங்க வாயால சொல்லுங்க” என்பார்கள்.

எனக்கு அரசிடமும் சக மருத்துவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. காசநோய் வைத்தியத்தில் இரண்டாம் மாதம் முடிந்ததும் நான்கு மருந்து மூன்றாகக் குறையும். அந்த நாளில் நோயாளி எப்படியும் மையத்துக்கு வருவார், எடை பார்ப்பார்கள், அட்டையில் எழுதுவார்கள். கிருமிச் சான்று இல்லாமல் மருந்து தொடங்கிய நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அன்று இரண்டாவது எக்ஸ்ரே கட்டாயமாக வேண்டும். முதல் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். நிழல் சுருங்காவிட்டால் மூன்று மருந்துக்கு மாற்றாமல், சி.டி.க்கும் பிராங்கோஸ்கோப்பிக்கும் அன்றே கடிதம் எழுத வேண்டும். ரத்தச் சளியோ, குரல் கம்மலோ, விரல்நுனித் தடிப்போ இருந்தால் அந்த இரண்டு மாதமும் காத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரே இயந்திரம் பெரும்பாலான தாலுகா மருத்துவமனைகளில் இருக்கிறது. சிகிச்சை அட்டையில் அதற்கென்று ஒரு கட்டம் அச்சிட்டால் போதும்.